முகாம் சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்பு: நாள்பட்ட புழக்கத்தில் தெரிய வருபவை

முகாமுக்கு அடுப்பு வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை வாட், எவ்வளவு எடை என்பதைத்தான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது எரிவாயு அடைத்து வரும் கேன். உங்கள் ஊரிலோ போகிற வழியிலோ எந்த வகை கேன் தடையில்லாமல் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்தும் அடுப்பைத் தேடுங்கள். கேன் கிடைக்காத அடுப்பு எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் பரணில்தான் கிடக்கும்.

சந்தையில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு வகை கேன்கள். ஒன்று, ஹேர் ஸ்பிரே டப்பா போல நீளமாக இருக்கும் பியூட்டேன் கேன். 220 அல்லது 250 கிராம் வாயு பிடிக்கும். கேக் செய்கிறவர்களும் ஓட்டல்காரர்களும் தீ பீய்ச்சும் டார்ச்சுக்கு இதையே பயன்படுத்துவதால், கேட்டரிங் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். மற்றொன்று, குட்டையாக, தலையில் திருகுமறையோடு வரும் கேன். 110, 230, 450 கிராம் அளவுகள் வழக்கமானவை. ஐரோப்பாவின் ஈஎன் 417 தரப்படி மறை இருந்தால், ஒரு நிறுவனத்தின் கேனில் வேறொரு நிறுவனத்தின் அடுப்பும் பொதுவாகப் பொருந்தும். ஆனால் மலையூர் மளிகைக் கடையில் இதைக் கேட்டால் கிடைக்காது. நகரத்திலேயே வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

நீள கேனைப் படுக்க வைத்து எரிப்பது கேசட் அடுப்பு. ஜப்பானின் இவாத்தானி நிறுவனம் 1969இல் விற்கத் தொடங்கிய வடிவம்தான் சிற்சில மாற்றங்களோடு இன்றும் எல்லோரிடமும் இருக்கிறது. எடை ஒன்றரை, இரண்டு கிலோ வரும். காரில் போய், நான்கு பேருக்குச் சோறும் குழம்பும் வைக்கிற குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான அடுப்பு இல்லை. பாத்திரம் ஆடாது, தீ அகலமாகப் பரவும், தோசைகூட வார்க்கலாம். முதுகில் சுமந்து நடக்கிறவர்களுக்கு மறை கேன் அடுப்புதான் சரி. அதிலும் கேன் தலைமேல் நேராகத் திருகும் மடக்கு அடுப்பு நூறு கிராமுக்குள்கூடக் கிடைக்கிறது. ஒருவர், இருவருக்கு வெந்நீர், காபி, நூடுல்ஸ் என்ற அளவுக்குப் போதும். சோறு வடிக்கிற பாத்திரத்தை அதன்மேல் வைத்தால் தலை கனத்து, தரை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் கவிழும். கொதிக்கும் கஞ்சி காலில் கொட்டுவது சின்ன விபத்தல்ல. நடக்கவும் வேண்டும், சமைக்கவும் வேண்டும் என்றால், கேன் தனியாகவும் பர்னர் தனியாகவும் இருந்து நடுவே குழாய் போகும் வகையை வாங்குங்கள். எடை இருநூறு, முந்நூறு கிராம் கூடும். அந்தக் கூடுதல் எடையைச் சுமப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஒரு கிராம் துல்லியத்தில் காட்டும் சமையலறைத் தராசு இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். கேனை எடை போட்டு, அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம் தண்ணீர் ஏற்றி முழுத் தீயில் பத்து நிமிடம் எரித்து, மறுபடி எடை போடுங்கள். 30 கிராம் குறைந்திருந்தால் மணிக்கு 180 கிராம். ஒரு கிலோ பியூட்டேனில் ஏறக்குறைய 12.7 கிலோவாட் மணி வெப்பம் இருப்பதால், அந்த அடுப்பின் உண்மையான திறன் 2.3 கிலோவாட். அந்த வேகத்தில் 220 கிராம் கேன் எழுபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாக வரும். இரண்டு கிலோவாட்டுக்கு மேல் இருந்தாலே குடும்பச் சமையலுக்குத் தாராளம். உண்மையில் கவனிக்க வேண்டியது தீயை எவ்வளவு குறைக்க முடிகிறது என்பதைத்தான். மலிவான அடுப்புகளில் குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே முழுத் தீ, குறைக்கலாம் என்று கொஞ்சம் திருப்பினால் அணைந்துவிடும். சோறு தம்மில் இருக்க வேண்டிய நேரத்தில் அடிபிடிப்பது இதனால்தான். கடையில் ஒருமுறை எரித்துக் காட்டச் சொல்லி, காற்றில்லாத இடத்தில் சிறு தீ நிலையாக நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எரிவாயு எவ்வளவு ஆகும் என்பதை இப்படிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். காற்றில்லாத இடத்தில், மூடிய பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 13 முதல் 16 கிராம். மூன்று பேருக்கு 300 கிராம் பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, 600 மில்லி தண்ணீர் விட்டு, கொதித்ததும் தீயை முடிந்த அளவு குறைத்து 12 நிமிடம், அணைத்து மூடியோடு 10 நிமிடம் விட்டால் 20 முதல் 25 கிராமில் முடியும். வடித்த சோறு என்றால் தண்ணீரும் கூடும், வாயுவும் கூடும். காலையில் டீ, உப்புமா, இரவில் சோறு, பருப்பு, இடையில் இன்னொரு டீ என்று மூன்று பேருக்கு ஒரு நாளுக்கு 100 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு நீள கேன், கைவசம் இன்னொன்று. காற்று வீசுகிற இடத்தில் இந்தக் கணக்கு நிற்காது. தனுஷ்கோடி மாதிரியான கடற்கரையில் தடுப்பில்லாமல் வைத்தால் இரண்டு மடங்கு எரிந்தும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும்.

பருப்பு விஷயத்தில் மலை வேறு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பு மணிக்கணக்கில் கிடந்தாலும் மசியாது. ஒன்று, பாசிப்பருப்பை வறுத்து எடுத்துப் போங்கள். அல்லது இரண்டு லிட்டர் குக்கர் கொண்டுபோங்கள். குக்கருக்குள் அதே உயரத்தில் 116, 117 டிகிரி வரை ஏறும். வாயுச் செலவும் பாதிக்கு மேல் மிச்சம். குக்கரைக் கேசட் அடுப்பில் மட்டும் வையுங்கள், கேன் தலைமேல் நிற்கும் அடுப்பில் வைக்கவே கூடாது.

மலையில் இன்னொரு சிக்கல் குளிர். சாதா பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே ஆவியாவதையே நிறுத்திவிடும். அந்தக் குளிர் வராவிட்டாலும், எரிய எரிய கேன் தன் வெப்பத்தை இழந்து சில்லிட்டுப் போகும். மார்கழி, தை விடிகாலையில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கேன் நிறைய வாயு இருந்தும் தீ சோர்ந்து போவதற்குக் காரணம் இதுதான். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரையும், புரோப்பேன் மைனஸ் 42 வரையும் ஆவியாகும் என்பதால் அவை கலந்த மறை கேன் நன்றாக எரியும். ஆனால் புரோப்பேன் முதலில் தீர்ந்துவிடுவதால் கடைசி மூன்றில் ஒரு பங்கு மந்தமாகத்தான் எரியும். சாதா பியூட்டேனோடு போகிறவர்கள் இரவில் கேனைத் தூங்கும் பைக்குள் வைத்திருந்து காலையில் எடுக்கலாம். இரண்டு கேன் இருந்தால் ஒன்று எரியும்போது இன்னொன்றை உடுப்புக்குள் வைத்து, மாற்றி மாற்றிப் போடலாம். மறை கேனை, கை தாங்குகிற வெதுவெதுப்புள்ள தண்ணீர் ஒரு விரல் உயரம் ஊற்றிய தட்டில் நிறுத்தினால் தீ உடனே எழும்பும். வெந்நீரில் வைப்பதும் தணலருகே வைப்பதும் உயிரோடு விளையாடுவது. சில கேசட் அடுப்புகளில் பர்னரிலிருந்து கேன் வரை ஓர் உலோகத் தகடு போகும். பர்னர் சூட்டில் கொஞ்சத்தைக் கேனுக்குக் கடத்துவதற்கு. மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் மூடியைத் திறந்து அந்தத் தகடு இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

கேசட் அடுப்பில் கேன் மாட்டும்போது, தலை வளையத்தில் உள்ள வெட்டு மேலே பார்த்திருக்க வேண்டும். உள்ளே வளைந்த சிறு குழாய் ஒன்று இருக்கிறது. வெட்டு மேலே இருந்தால்தான் அதன் வாய் வாயு நிற்கும் பகுதியில் இருக்கும். திருப்பி மாட்டினால் திரவமே பர்னருக்கு வந்து மஞ்சள் தீ ஓரடி எழும். குமிழ் அணைந்த நிலையில் இருக்கும்போது மட்டும் கேனைப் பூட்டும் லீவரை அழுத்துங்கள். எளிதில் பூட்டவில்லை என்றால் பலம் கொடுக்காமல் கேனை எடுத்துத் துடைத்து மறுபடி வையுங்கள். பயணத்தில் இடம் அடைக்காமலிருக்கப் பாத்திரத் தாங்கியைத் தலைகீழாகத் திருப்பி வைக்கும்படி செய்திருப்பார்கள். அதை நிமிர்த்தாமல் பற்றவைத்தால் தீ கீழே அடித்துக் கேன் பக்கம் சூடேறும்.

தோசைக்கல் ஆசைக்கும் ஓர் எல்லை உண்டு. 24 சென்டிமீட்டருக்கு மேல் போகிற கல், கேன் இருக்கும் அறையின் மேலே நீண்டு, சூட்டை நேராகக் கேன் மேல் இறக்கும். அழுத்தம் கூடினால் தானாகக் கேனை விடுவித்து அணைக்கும் பாதுகாப்பு நல்ல அடுப்பில் இருக்கும். சமையல் நடுவில் லீவர் படக்கென்று மேலே வந்தால் அது பழுதல்ல, எச்சரிக்கை. ஆறவிட்டுப் பாத்திரத்தை மாற்றுங்கள். லீவரைக் கையால் பிடித்துக்கொண்டு சமைத்தால் அந்த ஒரே காப்பையும் இழக்கிறோம். இரண்டு அடுப்பை ஒட்டிவைத்து ஒரே பெரிய பாத்திரத்தை ஏற்றுவதும் இதே வகை ஆபத்து. மறை கேன் அடுப்பைச் சுற்றித் தகரத் தடுப்பை முழு வட்டமாக வைத்தாலும் சூடு கேனிடம் தங்கிவிடும். காற்று வரும் பக்கம் மட்டும் பாதி வட்டம் போதும். அவ்வப்போது கேனைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் உடனே அணைக்க வேண்டும்.

சில வருடப் புழக்கத்தில் எது முதலில் போகும்? பெரும்பாலும் பொறி தட்டும் இக்னைட்டர்தான். ஈரத்திலும் உயரத்திலும் பொறி பலவீனமாகும். மின்முனையில் கரி படிந்தாலும் பொறி வராது. உலர்ந்த துணியால் துடைத்து, முனைக்கும் பர்னர் விளிம்புக்கும் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி மெதுவாக வளைத்தால் பல நேரம் சரியாகிவிடும். ஆனாலும் லைட்டரும், பிளாஸ்டிக் உறையில் தீப்பெட்டியும் இல்லாமல் கிளம்பக் கூடாது.

அடுத்தது பர்னர் ஓட்டைகள். நம் சமையலில் கஞ்சி பொங்கி வழியாமல் இருப்பது அரிது. அது காய்ந்து ஓட்டையை அடைத்தால் தீ ஒரு பக்கம் மஞ்சளாகும், பாத்திரத்தில் கரி பிடிக்கும். ஆறிய பிறகு பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, கவிழ்த்துத் தட்டினால் போதும். எல்லா ஓட்டையும் சுத்தமாக இருந்தும் தீ சிறுத்திருந்தால், வாயு பீறிட்டு வரும் நுண்துளை முனையான ஜெட்டில் தூசி. ஊசி விட்டுக் குத்தாதீர்கள். அந்தத் துளை மயிரிழை அளவு பெரிதானாலே தீ என்றைக்கும் மஞ்சள்தான். ஜெட்டைக் கழற்றி ஸ்பிரிட்டில் ஊறவைத்து, காற்று ஊதி மாட்டுங்கள். மழைக்காலம் முழுதும் திறந்த அலமாரியில் கிடந்த அடுப்பில் காற்று கலக்கும் குழாயில் குளவி மண் வைத்திருக்கும், சிலந்தி கூடு கட்டியிருக்கும். வாயைக் கட்டிய துணிப்பையில் போட்டு வைத்தால் இந்தத் தொல்லை வராது.

கேனும் அடுப்பும் சேரும் இடத்தில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் சத்தமில்லாமல் கெடும் பாகம். சூட்டில் இறுகி, தட்டையாகி, நுண்ணிய வெடிப்பு விடும். ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கேனை மாட்டி, இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்; குமிழி வந்தால் அந்த அடுப்பு கிளம்பக் கூடாது. அதே அளவு ரிங்கை அடுப்பு விற்றவரிடமே கேட்டு வாங்கி இரண்டு உபரியாக வைத்திருக்கலாம். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் உண்டு. அது தூசியை இழுக்கும், மலைக்குளிரில் உறைந்தும் போகும். தேவை என்றால் சிலிக்கோன் கிரீஸ் ஒரு பொட்டு. ஜப்பானில் கேனைத் தயாரித்த 7 ஆண்டுக்குள்ளும் அடுப்பை 10 ஆண்டுக்குள்ளும் பயன்படுத்தச் சொல்வதற்கு இந்த ரப்பர்தான் காரணம்.

கடற்கரைக்குப் போய் வந்தால் அடுப்பின் உடலை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்த்த வேண்டும். உப்பில் துரு முதலில் பிடிப்பது கேன் உட்காரும் பிடியிலும் லீவரின் கீலிலும். அங்கே துரு ஏறினால் கேன் சரியாக உட்காராது, கசியும்.

வீட்டுச் சிலிண்டரிலிருந்து கேனுக்கு வாயு நிரப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. வீட்டு எல்பிஜியில் புரோப்பேன் கலந்திருக்கிறது. பியூட்டேனுக்கென்று செய்த மெல்லிய தகரம் தாங்க வேண்டியதைவிட அதிக அழுத்தம் தரும். அளவு தெரியாமல் நிரப்பினால் விரிய இடமில்லாமல் வெடிக்கும். மலிவு என்று இதற்குப் போகாதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காரில் கேனை விட்டுப் போவதும் கூடாது; பெரும்பாலான கேன்களில் 50 டிகிரிதான் உச்சவரம்பு என்று எழுதியிருக்கும், மூடிய கார் அதைச் சுலபமாகத் தாண்டும். கூடாரத்துக்குள் சமையல், மழையானாலும் இல்லை. தீப்பிடிப்பது ஒரு பயம். மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு அதைவிடப் பெரிய பயம். கசிந்த வாயு காற்றைவிட இரு மடங்கு கனம் என்பதால், படுத்திருக்கிற மட்டத்தில்தான் தேங்கும்.

ரயிலில் கேஸ் கேனை எடுத்துச் செல்வது சட்டப்படி குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. விமானத்தில் கைப்பையிலும் சரி, ஏற்றிவிடும் பெட்டியிலும் சரி, கேன் கூடாது. சொந்த வண்டியில் போகிறவர்களுக்கும், காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததை நினைத்தாலே போதும்: அனுமதி பெற்ற முகாம் திடலில், காய்ந்த புல்லை இரண்டடிக்கு விலக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு மட்டும் பற்றவையுங்கள்.

புதுக் கேன் வாங்கியதும் அதன் மொத்த எடையை மார்க்கரால் மேலேயே எழுதிவிடுங்கள். அடுத்த பயணத்தில் மீதி எவ்வளவு என்பது தராசில் தெரிந்துவிடும். சமைத்து முடித்ததும் கேனைக் கழற்றி மூடி போட்டுத் தனியாக வையுங்கள், மாட்டியபடியே பைக்குள் போடாதீர்கள். காலியான கேனை முகாம் தீயில் எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, திறந்த வெளியில் மிச்சம் முழுதும் எரிந்து தீர்ந்ததை உறுதி செய்துகொண்டு பழைய இரும்பு எடுப்பவரிடம் கொடுங்கள். காலி கேஸ் கேன் என்று அவரிடம் சொல்லியே கொடுங்கள்.