வாடகைக் குளிர் அறை: காரட்டுக்குச் சரி, வாழை இலைக்கு ஆகாது

பாளையங்கோட்டைப் பக்கம் காய்கறி வைக்க வாடகைக்கு விடும் குளிர் அறை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம், நடத்துகிறவர்கள் நல்ல மனிதர்கள். இடம் சுத்தம், கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டர் ஓடும், எடையில் ஏமாற்று கிடையாது. காரட், முட்டைகோஸ் வைக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். வாழை இலையும் திருநீற்றுப்பச்சிலையும் வைக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுங்கள்.

முகூர்த்தத்துக்காகக் களக்காட்டிலிருந்து வந்த இலைக் கட்டுகளை அங்கே வைத்திருந்தேன். உள்ளே 4 டிகிரி. "எல்லாத்துக்கும் ஒரே கூலிங்தான் அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது" என்றார் அங்கிருந்த தம்பி. வெளியே எடுக்கும்போது இலை பச்சைப்பசேல் என்றுதான் இருந்தது. மண்டபம் போய்ச் சேர்வதற்குள் நடுநரம்பின் இரண்டு பக்கமும் நீர் கோத்த திட்டுகள், அப்புறம் அவை அப்படியே கறுத்துவிட்டன, பந்திக்குப் போட முடியவில்லை.

இதை அழுகல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, குளிர்க் காயம். வாழை மாதிரி வெப்பநாட்டுப் பயிரில் குளிர் பட்டதும் செல்லுக்குள் முதலில் உருக்குலைவது பசுங்கணிகம்தான், அதாவது இலைக்குப் பச்சை நிறம் தரும் உறுப்பு. அதற்குள் காசு அடுக்கியது போல இருக்கும் தைலகாய்டு பைகள் உப்பும், அடுக்கு கலையும், மாவுச்சத்து மணிகள் சிறுத்துக் காணாமல் போகும், கடைசியில் பசுங்கணிகமே ஊதி அதன் உறை கிழியும். கறுக்க வைக்கும் நொதி இருப்பது பசுங்கணிகத்தில், அது பிடித்துக்கொள்ளும் பீனால் பொருள்கள் இருப்பது செல்லின் வேறொரு பைக்குள். சவ்வு உடைந்தால் இரண்டும் கலந்துவிடும், பிறகு கறுப்பதைத் தடுக்க வழியே இல்லை. வெளியே எடுத்து சூடு ஏறும்போதுதான் இது கண்ணுக்குத் தெரியும் என்பதால் குளிர் அறைக்காரர் மேல் யாருக்கும் சந்தேகமே வராது.

முட்டைகோஸுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? அது குளிர்நாட்டுப் பயிர், குளிருக்குப் பழகும்போது சவ்வுகளில் நிறைவுறாக் கொழுப்பைக் கூட்டி அவற்றை இறுகவிடாமல் வைத்துக்கொள்ளும். வாழைக்கு அந்த வசதி போதாது, வாழைக்காயையே 13, 14 டிகிரியில்தான் கப்பலில் அனுப்புகிறார்கள். திருநீற்றுப்பச்சிலைக்கும் 12 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது.

இன்னொன்று, அறையில் டியூப்லைட் எந்நேரமும் எரிகிறது. குளிரில் இலை ஒளியைப் பிடிப்பதை நிறுத்தாது, அந்த ஆற்றலைச் செலவழித்துச் சர்க்கரை செய்யும் நொதிகள்தான் மந்தமாகும். மிஞ்சிய ஆற்றல் ஆக்சிஜன் மேல் ஏறி அதே சவ்வுகளைத் தாக்கும். டியூப்லைட் வெயில் அளவுக்குச் செய்யாது, ஆனாலும் அணைத்து வைக்க என்ன செலவு?

அவர்களிடம் இரண்டு அறை இருக்கிறது. ஒன்றை 13 டிகிரியில் விட்டால் வாழைக்காரர்கள் எல்லோரும் அங்கே வருவார்கள். முதலாளியிடம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார், இன்னும் மாற்றவில்லை. இலை கொண்டு போகிறவர்கள் வாடகை பேசுவதற்கு முன்னால் கதவோரம் இருக்கும் டிகிரி காட்டும் மீட்டரைப் போய்ப் பாருங்கள்.