பிரித்துப் பூட்டிய லென்ஸுக்கு 980 வெள்ளி

சிங்கப்பூரில் மிரர்லெஸ் கேமராவுக்காகக் கைமாறிய மேனுவல் ஃபோகஸ் பிரைம் லென்ஸ் (கையால் ஃபோகஸ் செய்யும், ஜூம் இல்லாத லென்ஸ்) வாங்க நினைப்பவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நகரின் நடுவே உள்ள பழைய வணிக வளாகம் ஒன்றில், பிறர் பயன்படுத்திய கேமராக்களையும் லென்ஸ்களையும் விற்கும் ஒரு சிறு கடையில், “ஒருமுறைகூடப் பிரிக்கப்படாதது” என்ற உறுதிமொழியுடன் எனக்கு விற்கப்பட்டது, யாரோ பிரித்துப் பூஞ்சையைத் துடைத்துவிட்டுக் கோணலாகப் பூட்டிய லென்ஸ். நான் கொடுத்தது 980 வெள்ளி. அதில் ஒரு வெள்ளிகூட இதுவரை திரும்பி வரவில்லை. முறையான புகாரைத் தொடங்கியிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்பாதீர்கள்.

சோனி ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு, 40 முதல் 50 மில்லிமீட்டர் குவியத்தூரத்தில், கையால் ஃபோகஸ் செய்யும் ஒரு நல்ல லென்ஸ் வேண்டும் என்று நீண்ட காலமாகத் தேடிக்கொண்டிருந்தேன். தீபாவளி நேரத்துச் சிராங்கூன் சாலை ஒளியூட்டையும் தைப்பூச ஊர்வலத்தையும் ஆண்டுதோறும் எடுக்கிறேன். நெரிசலில் எந்த முகத்தைப் பிடிப்பது என்று தானியங்கி ஃபோகஸ் தடுமாறும்போது, தூரத்தை நானே வைத்துக்கொண்டு காத்திருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது. கடைசியில் மூன்று லென்ஸ்கள் மிஞ்சின. முதலாவது, 2014இல் வந்த ஸைஸ் லோக்ஸியா 50 எஃப் 2 (எஃப் எண் சிறிதாக இருந்தால் ஒளி புகும் துளை பெரிது). வெறும் 320 கிராம், கழுத்தில் தொங்கவிட்டு நாள் முழுதும் நடக்கலாம். இரண்டாவது, ஃபோக்ட்லெண்டர் நோக்டன் 40 எஃப் 1.2, இருட்டில் பெரிய கைகொடுப்பு, ஆனால் அப்பர்ச்சரை, அதாவது ஒளி புகும் துளையை, முழுதும் திறந்தால் விளக்குகளைச் சுற்றி மெல்லிய மினுமினுப்பு படரும், சிலர் அதற்காகவே அதை வாங்குகிறார்கள். மூன்றாவது, 2019இன் இறுதியில் வந்த ஃபோக்ட்லெண்டர் அப்போ-லாந்தார் 50 எஃப் 2. மூன்றிலுமே மின்தொடர்புகள் உண்டு என்பதால், ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிய உடனே வியூஃபைண்டரில் காட்சி தானாகப் பெரிதாகும், நடுக்கத்தடுப்புக்கும் குவியத்தூரம் தானாகவே தெரிந்துவிடும். அடாப்டர் போட்டு மாட்டும் பழைய லென்ஸ்களில் இவை இரண்டும் இல்லாததால்தான் அவற்றை முன்பே ஒதுக்கினேன்.

அப்போ-லாந்தாரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். இரவு வானத்தின் பின்னணியில் ஒளியூட்டு வளைவின் விளக்குகளை எடுத்தால் சாதாரண லென்ஸ்களில் ஓரங்களில் ஊதாவும் பச்சையும் கசியும். இதிலோ அந்த நிறக்கசிவு ஏறத்தாழ இல்லை. அதோடு எஃப் 2இல்கூட மூலைக்கு மூலை கூர்மை குறையாது. எட்டுத் தொகுதிகளாக அமைந்த பத்துக் கண்ணாடித் துண்டுகள் நூல் பிசகாமல் ஒரே அச்சில் நின்றால்தான் அந்தக் கூர்மை கிடைக்கும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் இழந்தது சரியாக இதைத்தான்.

கடையில் இருந்தவர் தமிழ் இளைஞர். நான் சொல்லாமலே அந்த மூன்று லென்ஸ்களையும் எடுத்துக் கண்ணாடி மேசைமீது வரிசையாக வைத்தார். லோக்ஸியாவின் வளையம் சற்று இறுக்கமாக இருப்பதை அவரே சுட்டிக்காட்டினார். நோக்டனின் முன்கண்ணாடியில் ஒரு சிறு கீறல் இருப்பதையும் அவரே காட்டி, “இத உங்களுக்குக் குடுக்க மாட்டேன் அண்ணே” என்றார். தன் சரக்கின் குறையைத் தானே சொல்லும் ஒருவரை யார்தான் சந்தேகிப்பார்கள்? பிறகு அப்போ-லாந்தாரைக் கையில் எடுத்தார். “இது நானே எடுத்துக்கலாம்னு வெச்சிருந்தது. ஒரே ஓனர். ஈரம் புகாத ட்ரை கேபினெட்டுக்குள்ளயே இருந்தது. ஒரு ஸ்க்ரூகூடக் கழட்டல அண்ணே, நான் கேரன்டி.”

அடுத்து அவர் செய்ததை இப்போது நினைத்தால் இரத்தம் கொதிக்கிறது. நான் டார்ச் கேட்டதும் மறுக்காமல், தன் கைப்பேசி விளக்கையே லென்ஸின் பின்புறம் பிடித்துக் காட்டினார். காட்டுவதற்கு முன் அப்பர்ச்சர் வளையத்தை, துளை சுருங்கும்படி, எஃப் 8க்குத் திருப்பிவிட்டார். “பன்னெண்டு பிளேடும் பாருங்கண்ணே, ஒரு சொட்டு எண்ணெய் இல்ல” என்றார். உண்மைதான், துளையைச் சுருக்கும் அந்த இதழ்கள் பளிச்சென்றே இருந்தன. ஆனால் அந்தச் சிறு துளையின் வழியே வரும் ஒளியில் கண்ணாடியின் நடுப்பகுதி மட்டும்தான் தெரியும். பூஞ்சை விட்டுப்போன தடம் இருந்ததோ ஓரத்தில். இதழ்களைக் காட்டுவதாகச் சொல்லி ஓரத்தை மறைத்துவிட்டார். கேமராவில் மாட்டிச் சோதித்தபோதும், எதிர்ச் சுவரில் இரண்டு எட்டுத் தொலைவில் தொங்கிய நாட்காட்டியைத்தான் எடுக்கச் சொன்னார். வெளியே பார்க்கச் சன்னல் இல்லாத அந்தக் கடையில் தூரத்துக் காட்சிக்கு வழியே இல்லை. பேநவ் மின்பணப் பரிமாற்றம் வழியாக 980 வெள்ளி அனுப்பினேன். ரசீதில் லென்ஸின் பெயரும் விலையும் இருந்தன. “பிரிக்கப்படாதது” என்ற சொல் மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்து, எதிரே உள்ள வீவக (அரசு வீடமைப்புக் கழக) அடுக்குமாடியை வெளிநடையிலிருந்து எடுத்தேன். இடப்பக்கத்துச் சன்னல்களின் கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். துணி காயும் மூங்கில் கழிகளின் முனைகூடத் துல்லியம். வலப்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்குச் சன்னல்கள் கரைந்துபோயிருந்தன. நான்தான் நேராக நிற்கவில்லையோ என்ற ஐயம் எழாமலிருக்க, கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே கட்டடத்தை மீண்டும் எடுத்தேன். இப்போது கட்டடத்தின் வலப்பக்கம் தெளிந்து, இடப்பக்கம் கலங்கியது. கட்டடமோ நான் நின்ற கோணமோ காரணமாக இருந்தால் கலங்கல் கட்டடத்தின் அதே பக்கத்தில் நின்றிருக்கும். கேமரா திரும்பியபோது அதுவும் கூடவே திரும்பியது. என்னிடம் உள்ள வேறொரு லென்ஸை மாட்டி அதே இடத்திலிருந்து எடுத்தால் படம் முழுவதும் ஒரே கூர்மை. குற்றம் கேமராவில் இல்லை, லென்ஸுக்குள்தான். எஃப் 5.6க்குச் சுருக்கினால் ஓரளவு தேறுகிறது என்று ஆறுதல் சொல்வார்கள். எஃப் 5.6இல் எடுப்பதற்கு நூறு வெள்ளிக்கே நல்ல பழைய ஜப்பானிய லென்ஸ் கிடைக்கும். 980 வெள்ளி எதற்கு?

கேமரா பழுதுபார்ப்பில் தலை நரைத்த ஓர் அங்கிளிடம் கொண்டுபோனேன். அப்பர்ச்சரை முழுதும் திறந்து, பின்னாலிருந்து சாய்வாக விளக்கடித்த மறுநொடியே ஓரத்தில் கிளைவிட்டுப் படர்ந்த வெளிறிய தடத்தைக் காட்டினார். பூஞ்சையைத் துடைத்துவிட்டாலும் அது அரித்த கண்ணாடிப் பூச்சு திரும்பி வராது என்றார். அடுத்துப் பெரிதாக்கிக் கண்ணாடியைக் கொடுத்து மவுண்டை, அதாவது லென்ஸ் கேமராவில் பூட்டிக்கொள்ளும் வளையத்தை, பார்க்கச் சொன்னார். இரண்டு திருகாணிகளின் தலை நசுங்கியிருந்தது; ஒன்று மற்றவற்றோடு சேராத வேறு நிறம். பின்கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தில் கருவி வழுக்கிய கீறல், கறுப்பு உரிந்து உலோகம் தெரிந்தது. எண்பது விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊர் ஈரப்பதத்தில் அலமாரியில் கிடந்து பூஞ்சை பிடித்த லென்ஸை யாரோ அனுபவமில்லாதவர் கழற்றித் துடைத்துத் திரும்ப வைத்தபோது ஒரு கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்துவிட்டது என்பது அவர் முடிவு. அதை நேராக்குவதற்கு வேண்டிய கருவி தன்னிடம் இல்லை, ஜப்பானில் நாகானோவில் உள்ள தயாரிப்பாளரிடம் அனுப்பினால்தான் உண்டு, அங்கும் பூச்சு போன கண்ணாடியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். பார்த்ததற்குக் கூலி வாங்கவில்லை. 

படங்களையும் அங்கிள் சொன்னதையும் கடைக்கு அனுப்பினேன். முதலில் பார்த்த அடையாளம் மட்டும் வந்தது, பதில் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தால் முதலாளி வெளிநாடு போயிருக்கிறார். நேரில் போனபோது அதே இளைஞர், “கேமரா சென்சார் கோணலா இருக்கும் சார், சர்வீஸ் சென்டர்ல காட்டுங்க” என்றார். வேறு லென்ஸில் எடுத்த படத்தைக் காட்டியதும் பேச்சு மாறியது: மேனுவல் லென்ஸ் என்றால் அப்படித்தான் இருக்குமாம், எனக்கு ஃபோகஸ் பழக வேண்டுமாம். திருகாணிகளைக் காட்டியதும் மறுபடி மாறியது: நான் வீட்டில் கழற்றியிருக்கலாமாம்! கடைசியாக, அது கடையின் சரக்கே இல்லை, வேறொருவர் விற்றுத்தரச் சொல்லி ஒப்படைத்த கன்சைன்மென்ட் பொருள், உரியவருக்குப் பணம் போய்விட்டது, கடை வெறும் இடைத்தரகர் என்ற விளக்கம் வந்தது. வாங்கும் நாளில் “நானே எடுத்துக்கலாம்னு வெச்சிருந்தது” என்று சொன்ன பொருள் இது. இறுதியில், “பெரிய மனசு பண்ணி” 150 வெள்ளிக்குக் கடையில் வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 980 வெள்ளிக்கு 150 வெள்ளி, அதுவும் அதே கடையில், அதே கேரன்டியுடன். வெளியே வந்துவிட்டேன்.

ரசீதின் அடியில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று அச்சிட்டிருப்பதை இளைஞர் விரலால் தட்டிக் காட்டினார். அந்த ஒரு வரியால் வாங்கியவரின் உரிமை போய்விடாது. லெமன் சட்டம் என்று நாம் சொல்லும் விதிகள் 2012 செப்டம்பரிலிருந்து இங்கே நடப்பில் உள்ளன. பழைய பொருள்களை விற்கும் கடைகளுக்கும் அவை பொருந்தும். பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். பொருளின் வயதும் விலையும் கணக்கில் கொள்ளப்படும் என்பது உண்மைதான், ஆனால் நான் குறை சொல்வது தேய்மானத்தை அல்ல. கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டேன். அங்கே சமரசம் ஆகாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே கேட்பார்கள், என் தொகைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளிதான். ஒன்றை மறக்க வேண்டாம்: லெமன் சட்டம் கடைகளுக்குத்தான். கைப்பேசிச் செயலியில் பேசி எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கைமாற்றும் தனிநபர் விற்பனைக்கு அது பொருந்தாது.

எந்த லென்ஸை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்றைக்கு அதற்கு மனமில்லை. லோக்ஸியாவா நோக்டனா அப்போ-லாந்தாரா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வதில் பாதி நேரத்தை, கையில் வந்த அந்த ஒரு லென்ஸைச் சோதிப்பதற்கு ஒதுக்குங்கள். விலைகூடிய, ஓரம்வரை கூர்மையான லென்ஸ் என்றால் இன்னும் அதிகமாக.

அப்பர்ச்சரை நீங்களே முழுதும் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். வளையத்தைக் கடைக்காரர் கையில் விடாதீர்கள். மவுண்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கேமராவோடு கடைக்கு வெளியே வந்து, தூரத்துக் கட்டடம் ஒன்றை எஃப் 2இல் நேராக ஒருமுறை, தலைகீழாக ஒருமுறை எடுங்கள். வெளியே கொண்டுபோக விடமாட்டேன் என்றால் லென்ஸை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வாயால் சொல்லும் உறுதிமொழி அத்தனையையும் ரசீதில் எழுதி வாங்குங்கள், கன்சைன்மென்ட்டா சொந்தச் சரக்கா என்பது உட்பட. எழுதிய பிறகுதான் பேநவ்.