மருமகன் ஏன் விளக்கு பிடித்தான்? அஞ்சு ரோடு சீன மொழி வகுப்பு

சேலம் செவ்வாய்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. சங்கிலி பின்னும் மெஷின் சீனாவில் இருந்து வாங்கியது, உதிரி பாகம் வேண்டுமென்றால் அங்கே இருக்கிற ஏஜென்ட்டிடம்தான் பேச வேண்டும். போன வருடம் விலை ஏறியிருக்கிறதா என்று கேட்டதற்கு அவர் அனுப்பிய பதிலை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டால், "மருமகன் விளக்கு பிடிக்கிறான்" என்று வந்தது. நானும் அண்ணனும் அதையே திரும்பத் திரும்பப் படித்தோம், ஒன்றும் பிடிபடவில்லை. அதற்காகத்தான் அஞ்சு ரோடு பக்கம் ஒரு மாடியில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற இந்த வகுப்பில் சேர்ந்தேன். 6 வாரம், 2,400 ரூபாய், முழுக்க சியேஹோயூ மட்டும்.

சியேஹோயூ என்றால் பின்பாதியை நிறுத்தி வைத்த பேச்சு. முன்பாதி விடுகதை மாதிரி ஒரு காட்சி, பின்பாதி அதன் விடை. சொல்ல வந்த விஷயமே பின்பாதியில்தான் இருக்கிறது, ஆனால் பேசுகிறவர் பல நேரம் முன்பாதியோடு நிறுத்திக்கொள்வார். நாமும் "குரங்கு கையில் பூமாலை" என்று சொல்லிவிட்டு மிச்சத்தைச் சொல்வதில்லையே, அப்படித்தான். முதல் நாள் டீச்சர் போர்டில் "மண் போதிசத்துவர் ஆற்றைக் கடக்கிறார்" என்று எழுதிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் பின்னால் இருந்து ஒருவர், "மண்குதிரை கதைங்களா டீச்சர்?" என்றார். கிட்டத்தட்ட அதேதான். நம் பழமொழி குதிரையை நம்பி இறங்கியவனைப் பற்றியது, அங்கே கரைந்து போவது சாமியே. தன்னையே காப்பாற்றிக்கொள்ள முடியாது என்பது விடை. உதவி கேட்டு வந்தவரிடம் என் பாடே பெரும்பாடு என்று சொல்ல இது போதும். விடையை நம் வாயிலிருந்தே வரவைத்த அந்த ஒரு மணி நேரத்துக்கே காசு சரியாகிவிட்டது.

இன்னொரு வகை சிலேடை. மருமகன் யாருக்கு விளக்கு பிடிக்கிறான்? மாமனுக்கு, "ஜாவ் ஜியூ". அதே ஒலியை வேறு எழுத்தில் எழுதினால் "பழையபடியே". விலை ஏறவே இல்லை! ஜியூ என்றால் தாய்மாமன், சித்தப்பாவுக்கு அங்கே வேறு சொல். கொடுத்த நோட்ஸில் பொருளெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதில் அவர் வெறும் அங்கிள். இதைத் தமிழிலேயே கொடுத்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

என் பெரிய குறையும் நோட்ஸ் மேல்தான். ஜெராக்ஸில் ஒலிப்புக் குறிகள் எல்லாம் அழிந்துவிட்டன. சிலேடைக்கு உயிரே அதுதானே! துறவி குடை பிடிக்கிறார் என்று ஒன்று உண்டு: தலையில் முடி இல்லை, குடைக்கு மேலே வானமும் தெரியவில்லை. முடிக்கும் "ஃபா", சட்டத்துக்கும் "ஃபா", ஆனால் ஏற்ற இறக்கம் வேறு, கிட்டத்தட்டத்தான் பொருந்தும். சட்டத்துக்கும் வானத்துக்கும் கட்டுப்படாதவன் என்று பொருள். 1970-ல் மாவோ தன்னைப் பற்றி இப்படிச் சொன்னதை அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோ, ஓட்டைக் குடையோடு உலகில் தனியாக நடக்கும் துறவி என்று எழுதிவிட்டார். அவருக்கே அப்படி ஆகியிருக்கிறது, குறி இல்லாத தாளை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? சொன்னதும் அடுத்த வாரமே டீச்சர் கையால் எழுதிய தாள் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது "எள் பூக்கிறது". வாழப்பாடியில் எள் போடுகிற ஒருத்தர் எங்கள் வகுப்பில் இருக்கிறார். டீச்சர் வாய் திறக்கும் முன்பே, "அடிக்கணுல ஆரம்பிச்சு மேல மேல பூத்துக்கிட்டே போகுங்க" என்று கையால் ஏற்றிக் காட்டினார். விடை அதேதான்: கணுவுக்குக் கணு உயரம்.

பயணத்துக்கு நாலு வார்த்தை போதும் என்பவர்களுக்கு இது வேண்டாம். சீன ஆட்களோடு வருடக்கணக்கில் வியாபாரம் இருந்தால் கட்டாயம் போங்கள். 5-க்கு 4 கொடுப்பேன்.

போன வாரம் ஏஜென்ட், தொழில் எப்படி என்று போனில் கேட்டார். எள் பூக்கிறது என்று சீனத்தில் சொல்லி நிறுத்தினேன். ஒரு நொடி மூச்சே இல்லை, அப்புறம் "ஜியே ஜியே காவ்!" என்று அவரே கத்தி முடித்தார்.