வைட்டமின் கே2: சில ஆண்டுப் பயன்பாட்டில் கண்டது

எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பது டெக்ஸா ஸ்கேனில் தெரிந்தபின், மருத்துவர் சொன்னபடி வைட்டமின் டி3 மாத்திரையோடு கே2 மாத்திரையும் சில ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறேன். இதன் பலன் உடம்பில் உணரத்தக்கதன்று. சுண்ணாம்புச் சத்தை எலும்பில் பிணைக்கும் ஆஸ்டியோகால்சின் என்னும் புரதத்தைச் செயல்பட வைப்பதே இதன் வேலை என்பதால், மூட்டுவலி தீரும், களைப்பு நீங்கும் என்று எதிர்பார்த்து யாரும் வாங்க வேண்டாம்.

பாளையங்கோட்டைச் சந்தையில் முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் கிடைக்கும்போது மாத்திரை எதற்கு என்று மதினி கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கீரையில் இருப்பது வைட்டமின் கேயின் இன்னொரு வகையான கே1. இரத்தம் உறைவதற்கு வேண்டியது கீரை உண்பவருக்கு அதிலேயே கிடைத்துவிடும். ஆனால் அது சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து குறைந்துவிடுகிறது. எம்கே-7 என்னும் கே2 வகையோ நாள்கணக்கில் தங்குகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 180 மைக்ரோகிராம் வீதம் 3 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வில், முதுகெலும்பிலும் தொடையெலும்புக் கழுத்திலும் தேய்மானம் மெதுவானது என்ற முடிவு 2013இல் வெளியானது. இதயத்துக்கும் நல்லது என்ற விளம்பரத்தை நான் ஏற்கவில்லை. 2022இல் வெளியான டென்மார்க் ஆய்வில், கே2வை நாளொன்றுக்கு 720 மைக்ரோகிராம் வீதம் டி வைட்டமினோடு 2 ஆண்டுகள் கொடுத்தும் இதய வால்வில் சுண்ணாம்பு படிவது குறையவில்லை.

கொழுப்பில் கரையும் சத்து இது. ஆகவே வெறும் வயிற்றில் விழுங்காமல், தேங்காய்ப்பால் சொதியோ நல்லெண்ணெய் சேர்ந்த குழம்போ உள்ள மதியச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்கிறேன். வயிற்றுக்கோளாறு எதுவும் இதுவரை வரவில்லை. கடைசி ஸ்கேனில் அடர்த்தி மேலும் குறையவில்லை. ஆயினும் டி3யும் காலை நடையும் சேர்ந்திருப்பதால், இது கே2வின் பலன் மட்டுமே என்று சொல்ல மாட்டேன்.

அண்ணனுக்கும் ஒரு டப்பா வாங்கலாமா என்று மதினி கேட்டபோது மட்டும் உறுதியாகத் தடுத்தேன். செயற்கை வால்வு பொருத்திக்கொண்ட அண்ணன் வார்ஃபரின் சாப்பிடுகிறார்கள். வைட்டமின் கேயின் வேலையைத் தடுப்பதன் மூலமே இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து அது. அதனோடு கே2வைச் சேர்த்தால், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு இறங்கி, வால்வில் இரத்தக்கட்டி உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அதே வகை மருந்தான அசினோகுமரால் சாப்பிடுவோருக்கும் இதே நிலைதான். அதற்காக அவர்கள் கீரையை அறவே விட வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாக உண்பதே முக்கியம். எலும்புக்கென்று விற்கும் கால்சியம் மாத்திரைகள் பலவற்றில் கே2 கலந்தே வருகிறது என்பதால், இவ்வகை மருந்து சாப்பிடுவோர் வீட்டில் எதை வாங்கினாலும் அட்டையில் அச்சிட்டுள்ள சேர்மானங்களைப் படித்து, மருத்துவரிடம் காட்டிய பிறகே கொடுக்க வேண்டும்.