கோல்டன் சான்ஸா, டிரைவிங் ஸ்கூலா? துபாயில் லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்களுக்கு

திருவொற்றியூரில் இருக்கும் சித்தி மகன் அடுத்த மாதம் வேலைக்காக துபாய் போகிறான். "அண்ணா, என்கிட்டதான் கார் லைசென்ஸ் இருக்கே, கோல்டன் சான்ஸ் போட்டுடவா?" என்று கேட்டான். வகுப்புக்கே போகாமல் நேராக டெஸ்ட் கொடுக்கும் வழிதான் அது. அங்கே போன புதிதில் எனக்கும் இதே யோசனைதான் இருந்தது. கடைசியில் நான் ஸ்கூலில் சேர்ந்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பலருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். விசிட் விசாவில் போகிறவர்கள் இங்கே ஆர்டிஓவில் 1,000 ரூபாய் கட்டி எடுக்கும் இன்டர்நேஷனல் பெர்மிட்டை வைத்து வாடகைக் கார் ஓட்டலாம். ரெசிடென்ஸ் விசா கிடைத்துவிட்டால் அது செல்லாது. மீறி ஓட்டி எங்காவது இடித்தால் இன்ஷூரன்ஸில் கைவிரித்துவிடுவார்கள். சில நாட்டுக்காரர்கள் தங்கள் லைசென்ஸைக் காட்டி அப்படியே மாற்றிக்கொள்ளலாம். நமக்கு அந்தச் சலுகை இல்லை.

கோல்டன் சான்ஸை 2023இல் துபாயின் போக்குவரத்துத் துறையான ஆர்டிஏ கொண்டுவந்தது. வகுப்பு கிடையாது, நேராக தியரி டெஸ்ட், அப்புறம் ரோடு டெஸ்ட். வாய்ப்பு ஒரே ஒரு முறைதான். இரண்டாயிரம் திர்ஹாமுக்கு மேல் ஆகும். பாஸானால் பணமும் வாரக்கணக்கான அலைச்சலும் மிச்சம். ஃபெயிலானால் கட்டியது போச்சு, ஸ்கூலுக்குத்தான் போக வேண்டும்.

ஸ்கூலில் நம் ஊர் லைசென்ஸுக்கு மரியாதை உண்டு. புதிதாகக் கற்பவருக்கு 20 மணி நேர வகுப்பு என்றால், 2 முதல் 5 வருடம் பழைய லைசென்ஸுக்கு 15, அதற்கும் மேல் 10.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே எட்டு வருடம் கார் ஓட்டியவன் நான். அதனால் 10 மணி நேரமே அதிகம் என்றுதான் நினைத்தேன். முதல் வகுப்பில் ஒரு ரவுண்டானா வந்தது. பழக்கதோஷத்தில் வலது பக்கம் பார்த்தேன், காலியாக இருந்தது, உள்ளே விட்டேன். கார் குலுங்கி நின்றது. பக்கத்தில் இருந்த மலையாளி மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்திருந்தார். இடது பக்கத்திலிருந்து வந்த வெள்ளை பிக்கப் எங்கள் மூக்குக்கு முன்னால் கடந்து போனது. அங்கே வலப்பக்கப் போக்குவரத்து. ரவுண்டானாவில் வண்டிகள் இடதிலிருந்துதான் வரும். எனக்குத் தெரியாத விஷயமா? தியரியில் படித்து பாஸானதுதான். ஆனால் கழுத்து படித்திருக்கவில்லையே.

கையும் அப்படித்தான். நம் ஊர் மாருதி, ஹூண்டாயில் இண்டிகேட்டர் வலது கைப்பக்கம் இருக்கும். அங்கே இடது கைப்பக்கம். லேன் மாற நினைத்த போதெல்லாம் காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓடியது. வண்டியின் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவதால் கார் தன்னையறியாமல் வலது கோட்டை உரசப் போகும். "லைன், லைன்" என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டாவது மணி நேரத்தில்தான் அவர் பேசாமல் வந்தார்.

என்னைப் பொறுத்தவரை இது ஒன்றுதான் முடிவு செய்ய வேண்டிய விஷயம். ரோடு டெஸ்டில் பக்கத்தில் இருப்பவர் மாஸ்டர் இல்லை, எக்ஸாமினர். அவர் பிரேக்கை மிதித்தால் அன்றைக்கு டெஸ்ட் முடிந்தது. தனியாக ஓட்டும்போது அந்த பிரேக்கும் கிடையாது. பணக் கணக்கை விட இதுதான் எனக்குப் பெரிது.

கோல்டன் சான்ஸ் யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். என் ரூமில் இருந்த காசிமேட்டுக்காரர் சவுதியில் நாலு வருடம் ஓட்டிவிட்டு வந்தவர். கண்ணும் கையும் ஏற்கெனவே மாறியிருந்தன, ஒரே முயற்சியில் பாஸ். சவுதி, கத்தார், ஓமன் என்று வலப்பக்கம் ஓட்டிய அனுபவம் இருந்தால் தாராளமாகப் போடலாம். நான் அந்த வழியில் போனதில்லை என்பதால் அவர் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்றும் தம்பி கேட்டான். ஆட்டோமேட்டிக் லைசென்ஸில் மேனுவல் வண்டி ஓட்ட முடியாது. வேலையில் வேன், பிக்கப் ஓட்ட வேண்டி வரும் என்றால் மேனுவல் எடுக்கலாம். இல்லையென்றால் ஆட்டோமேட்டிக் போதும், கவனிக்க வேண்டியதில் ஒன்று குறையும்.

பேச்சோடு பேச்சாக அவன் லைசென்ஸை வாங்கித் தேதியைப் பார்த்தேன். ஐந்து வருடம் முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இறங்கிய வாரமே ஸ்கூலில் ஃபைல் திறந்தால் 15 மணி நேரம், கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் 10. அதுவரை மெட்ரோவில் போய் வா, பஸ்ஸில் முன் சீட் கிடைத்தால் ரவுண்டானாவில் டிரைவர் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார் என்று கவனி என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.