திருகோணமலையில வீடு பூசக் குடுக்கிற ஆக்கள் கவனம், சுவர் மினுங்குது எண்டு முழுக்காசையும் குடுத்திடாதீங்கோ

உப்புவெளியில கட்டுற எங்கட வீட்டுக்கு உள்சுவர் சீமெந்துப் பூச்சு வேலையை ஒரு மேசன் பாஸிட்ட கொன்றாக்டாக் குடுத்தம். புட்டியே (பெயின்ற்றுக்கு முதல் சுவரை மழமழப்பாக்கப் பூசிற பசை) தேவையில்ல, மேசன் கரண்டியாலயே கண்ணாடி மாதிரி இழைச்சுத் தாறன் எண்டு சொல்லித்தான் வந்தவர், அதுக்கெண்டே சதுரத்துக்கு (நூறு சதுர அடி) மற்ற ஆக்களை விடக் கூடவும் கேட்டவர், நல்ல வேலையெண்டாக் குடுப்பம் எண்டு அம்மாவும் சொல்ல பாதிக்காசு அட்வான்ஸாக் குடுத்தாச்சு, முடிச்ச அண்டைக்கு மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு போயிட்டார்.

அண்டைக்கு சுவர் மினுங்கினது உண்மை. கொஞ்ச நாளிலயே ஹோல் முழுக்க மயிர் வெடிப்பு. ஜன்னலடியில தட்டினா டொக் டொக் எண்டு வெறுஞ்சத்தம், பூச்சு கல்லில பிடிக்கவே இல்ல. இரவில லைட்டை நிப்பாட்டிப்போட்டு போன் டோர்ச்சை சுவரோட ஒட்டிப் பிடிச்சுப் பாத்தன், மேடும் பள்ளமும் அப்பிடியே தெரியுது. ஆறடி அலுமினியம் பாரை வைச்சா நடுவில விரல் போகுது.

கனகாலம் மேசன் வேலை செய்த மாமா ஒருத்தர் வந்து ஒரு இடத்தைக் கொத்திப் பாத்தார். அரை அங்குலத்தில நிக்கவேண்டிய பூச்சு மூலையில ஒண்டே கால் அங்குலம், அதுவும் ஒரே தடவையில அப்பினது. தூக்குக்குண்டு விட்டு அங்கங்க சாந்தால மட்டப்புள்ளி வைச்சு அந்த மட்டத்துக்குப் பூசியிருந்தா இப்பிடி வராது எண்டார்.

மினுக்கம் எப்பிடி வந்ததெண்டும் அவர்தான் விளங்கப்படுத்தினவர். சாந்தடிச்சு மட்டப்பலகை இழுத்த உடன இரும்புக் கரண்டி போடக்கூடாதாம். விரலால அமத்தினா பள்ளம் விழாத பதத்துக்கு வரவிட்டு, முதல்ல மரப்பலகையால வட்டமாத் தேய்ச்சு குழியெல்லாம் மூடி, பிறகு இன்னும் கொஞ்சம் இறுகினாப் பிறகுதான் கரண்டியை லேசாச் சரிச்சு அமத்தி இழுக்கிறது. அதுக்குக் காத்திருக்கோணும், கையும் நோகும். எங்கட பாஸ் ஈரச் சாந்துக்கு மேல வெறும் சீமெந்துத் தூளை வீசி தண்ணியை உறிஞ்ச விட்டு உடன தேய்ச்சிருக்கிறார். மேல மெல்லிய சீமெந்துத் தோல் வரும், நல்லா மினுங்கும், ஆனா அது கீழ இருக்கிற சாந்தை விடக் கூடச் சுருங்கும், அதால வெடிக்கும். சாப்பாட்டுக்கு முதல் குழைச்சு வைச்ச சாந்துக்கு சாப்பிட்டு வந்து தண்ணி ஊத்தித் திருப்பிக் குழைச்சதையும் அம்மா கண்டவ. இறுகத் தொடங்கின சாந்துக்கு பிறகு பிடிமானம் இல்ல.

எனக்குக் கூடக் கோவம் வந்தது தண்ணி விசயத்தில. கச்சான் காத்து அடிக்கிற காலத்தில கல்லும் காத்தும் சேந்து சாந்தில இருக்கிற ஈரத்தை இழுத்துப்போடும். பூச முதல் சுவரை நனைக்கோணும், பூசி அடுத்த நாளில இருந்து குறைஞ்சது 7 நாள் தண்ணி அடிக்கோணும். நான் பின்னேரம் ஹோஸ் எடுத்துக்கொண்டு போக, "தண்ணி பட்டா மினுக்கம் போயிடும் தங்கச்சி" எண்டு மறிச்சவர். பச்சைப் பொய்!

கோல் எடுத்துக் கேட்டா "கல்லு பிழை தங்கச்சி, ரெண்டு கோட் புட்டி அடிச்சா மறைஞ்சிடும்" எண்டுறார். பிடிக்காத பூச்சுக்கு மேல புட்டி அடிச்சா ரெண்டும் சேந்துதான் விழும். இப்ப போனும் எடுக்கிறேல்ல. ஹோலை முழுக்கக் கொத்தித் திரும்பப் பூசவேண்டிக் கிடக்கு, கூலி, சீமெந்து, மண் எல்லாம் ரெண்டாந்தரம்.

ஆள் பிடிக்கிறவை முதல்ல ஒரு சுவரை மட்டும் பூசச் சொல்லுங்கோ. பார் வைச்சு, டோர்ச் பிடிச்சு, தட்டிப் பாத்திட்டு மிச்ச அறையளைக் குடுங்கோ. கடைசிக் காசில ஒரு பங்கை, சுவர் காய்ஞ்சு பெயின்ற் அடிக்கிற வரைக்கும் வைச்சிருக்கிறதெண்டு முதலே பேசி எழுதிக்கொள்ளுங்கோ, அதுக்கு ஒரு மாதம் எடுக்கும். தூளை வீசிறதைக் கண்டா அந்த இடத்திலயே வேலையை நிப்பாட்டுங்கோ.

பெயரை இதில போடேல்ல. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இப்ப பூச்சுக்கு ஆள் பேசிறவை அட்வான்ஸ் குடுக்க முதல் எனக்கு இன்பொக்ஸ்ல ஒரு மெசேஜ் போடுங்கோ.