ஜோடிப் பேச்சா, ஜிக்சாவா?

வகுப்பில் 40 பேர், 45 நிமிடப் பாடவேளை. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க இந்த இரண்டு முறைகளில் எது கைகொடுக்கும்?

ஜோடிப் பேச்சுக்கு பெஞ்சை நகர்த்தவே வேண்டாம். 1 நிமிடம் தனியாக யோசனை, 2 நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு. "ஒளிச்சேர்க்கைக்கு என்னென்ன தேவை?" என்று கேட்டால் பத்தே விநாடியில் விடை முடிந்து ஊர்க்கதை தொடங்கிவிடும். "இருட்டில் வைத்த செடியின் இலை ஏன் வெளுக்கிறது?" என்று கேளுங்கள்.

ஜிக்சா, 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உளவியலாளர் எலியட் ஆரன்சன் வகுத்த முறை. நால்வராகப் 10 குழு. பாடம் 4 துண்டு, ஆளுக்கொன்று. ஒரே துண்டுக்காரர்கள் முதலில் கூடி 15 நிமிடம் படிக்க வேண்டும். பத்துப் பேரையும் ஒரே வட்டமாக உட்காரவைத்தால் இருவர் பேச, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், ஐந்தைந்தாகப் பிரித்துவிடுங்கள். பிறகு சொந்தக் குழுவுக்குத் திரும்பி, ஆளுக்கு 4 நிமிடம் சொல்லித்தர வேண்டும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். விளக்காமல் நோட்டை நீட்டி, "பார்த்து எழுதிக்கோ" என்பார்கள். நோட்டை மூடவைத்துப் பேசச் சொல்லுங்கள். கடைசி 5 நிமிடம் நான்கு துண்டிலிருந்தும் ஒவ்வொரு கேள்வி கேட்டுத் தனித்தனியாக எழுதவையுங்கள்.

ஒரு படி புரியாமல் அடுத்தது புரியாத கணக்குப் பாடத்துக்கு ஜிக்சா ஒத்துவராது. அங்கே ஜோடியே மேல்.